வெள்ளத்தில் வந்த சீர்

“தாயே, ஆண்டவனுக்குக் கண் இல்லை” என்றார் சபாநாதன்.

உமையாள் அம்மை கோவில் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, தண்ணீர் எது வரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொள்ளிடத்துப் படுகையில் இருந்த சின்னச் சிவன் கோவில் அது. உமையாள் அம்மை அங்கேயே தங்கி, வழியில் வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவாள். யாராவது கேட்டால் இரண்டு வார்த்தை பேசுவாள். நாற்பது வயதுதான் இருக்கும். அவளிடம் சீடராக வந்து சேர்ந்த சபாநாதனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அவள் அவரை ‘ஐயா’ என்பாள். அவர் அவளை ‘தாயே’ என்பார்.

மேற்கே பெய்த மழையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. மடைப்பள்ளியும் அதில் இருந்த அரிசியும் முதலில் போயின. இப்போது மண்டபம் மட்டும்தான் தண்ணீருக்கு மேலே நின்றது.

அவர்களோடு பவுனு இருந்தாள். படுகையில் குடிசை போட்டிருந்தவள். புருஷன் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தான். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் குழந்தையை அன்னக்கூடையில் படுக்கவைத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் நடந்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

“நேத்து ஆளுக்கு ஒரு கை அவல். இன்னைக்கு அதுவும் இல்லை” என்றார் சபாநாதன். “நாம என்ன பால் பாயசமா கேட்டோம்? ஊருக்கெல்லாம் கஞ்சி ஊத்தின கை இது. இந்தக் கைக்கு ஒரு வாய்ச் சோறு கிடையாதா? நல்லது செய்றவங்களுக்குத்தான் எல்லாக் கஷ்டமும். கடையிலேயே இருந்திருக்கலாம். மெத்தை வீடு. மாடிக்குப் போயிருப்பேன்.”

குழந்தை வீறிட்டது.

பவுனு அதை மார்பில் போட்டுப் பார்த்தாள். அது ஒரு நொடி சப்பிவிட்டு மறுபடியும் வீறிட்டது.

“பால் இறங்கலை அம்மை” என்றாள் பவுனு. அவள் உதடு வெடித்திருந்தது.

உமையாள் அம்மை எழுந்து போய்க் குழந்தையை வாங்கினாள். கொண்டுவந்து சபாநாதனின் மடியில் போட்டாள்.

அவர் திடுக்கிட்டார். இரண்டு கையாலும் அவசரமாகப் பிடித்துக்கொண்டார்.

“என்ன தாயே?”

“இது யாரைப் பார்த்து அழுவுது ஐயா?”

“அம்மாவைப் பார்த்து.”

“நீங்க?”

“நானும் முறையிடத்தான் செய்றேன்.”

“யார்கிட்ட?”

“ஆண்டவன்கிட்ட.”

“இல்லை ஐயா. காலையிலேர்ந்து ஆண்டவனைப் பத்தி என்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கீங்க.”

சபாநாதனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. அவர் குழந்தையைப் பார்த்தார். அது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, உடம்பு முழுவதும் சிவக்க அழுதது.

குழந்தையைப் பவுனுவிடம் கொடுத்துவிட்டுக் கருவறைப் பக்கம் நடந்தார்.

கருவறை மண்டபத்தைவிடப் பள்ளம். உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். லிங்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. கலங்கிய தண்ணீர்தான் வாசல்படிவரை தளும்பிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு வாடின மாலை சுற்றிச் சுற்றி வந்தது.

அவருக்கு என்னவோ ஆகிவிட்டது.

“பிள்ளைக்காரி பட்டினி கிடக்கிறா!” என்று அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கத்தினார். “பால் வத்திப்போச்சு. உனக்குத் தெரியலையா? குடு! இப்பக் குடு!”

குரல் கருவறைக்குள் மோதித் திரும்பி வந்தது. கடவுளை அதட்டிவிட்டோம் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

திரும்பி வந்தபோது பவுனு கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு கருவேல மரத்தின் உச்சி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. அதன் கிளையில் ஒரு பெரிய தகர டின் மாட்டிக்கொண்டு ஆடியது.

“வந்திருக்கு. போய் எடுத்துட்டு வாங்க ஐயா” என்றாள் உமையாள் அம்மை.

“நானா?”

“நீங்கதானே கேட்டீங்க?”

“தாயே, இழுப்பைப் பாருங்க. நான் ஆத்துல இறங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு. அந்த டின்னுல என்ன இருக்குன்னே தெரியாது. மண்ணெண்ணெயா இருந்தா?”

அவள் தன் மாற்றுப் புடவையை எடுத்து முறுக்கினாள். சபாநாதனின் துண்டையும் வேட்டியையும் அதனோடு முடிந்தாள். பவுனு குழந்தையைப் போர்த்தியிருந்த சேலையை உருவிக் கொடுத்தாள். ஒரு முனையைக் கல்தூணில் கட்டி, மறு முனையை அவர் இடுப்பில் கட்டினாள் அம்மை. இழுத்துப் பார்த்தாள்.

கோவணத்தோடு நின்றார் சபாநாதன். குளிரிலும் வெட்கத்திலும் கூனிப்போய்த் தண்ணீரில் இறங்கினார்.

ஆறு அவரைப் புரட்டியது. ஒருமுறை முழுகினார். வாயெல்லாம் சேறு. கை தானாக வீச ஆரம்பித்தது. எப்படியோ கருவேலங்கிளை கையில் அகப்பட்டது. முள் உள்ளங்கையில் இறங்கியது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

டின்னைப் பிடிக்கக் கையை நீட்டியவர் உறைந்துபோனார்.

டின்னின் மேல் ஒரு நாகம் சுருண்டு கிடந்தது.

அது தலையைத் தூக்கியது. அவர் கைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. கிளையை விட்டால் ஆறு கொண்டுபோகும். விடாவிட்டால் இது கொத்தும்.

பாம்பு படம் எடுக்கவில்லை. அவரையே பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, மெல்ல டின்னைவிட்டு இறங்கி, பக்கத்துக் கிளையில் போய்ச் சுற்றிக்கொண்டது.

அவர் டின்னை நெஞ்சோடு அணைத்தார். உமையாள் அம்மையும் பவுனுவும் துணியைப் பிடித்து இழுத்தார்கள்.

படியில் வந்து விழுந்தவர், முடிச்சை அவிழ்த்து வேட்டியைச் சுற்றிக்கொண்டார்.

“பாம்பு தாயே... நாகம்... என்னை ஒண்ணும் செய்யலை.”

“அதுவும் வெள்ளத்துக்குப் பயந்து ஏறினதுதானே ஐயா” என்றாள் அவள்.

டின்னின் மூடியைச் சுற்றித் துணி வைத்து இறுக்கி, மேலே சணல் கட்டியிருந்தது. உமையாள் அம்மை கட்டை அவிழ்த்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. மேலே மஞ்சள் கிழங்கும் குங்குமப் பொட்டலமும் இருந்தன. அதற்குக் கீழே டின் பாதிவரைக்கும் அதிரசம், முறுக்கு, பொருவிளங்காய் உருண்டை. வெல்லமும் நெய்யும் மணத்தன. பவுனு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“சாமி குடுத்துட்டாரு!” என்று சபாநாதன் கூவினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. “கேட்ட வாய் மூடலை தாயே. குடுத்துட்டாரு!”

சந்தோஷத்தில் டின்னைத் தன் பக்கம் திருப்பினார். அதன் மேல் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது.

‘மணமகள் தேன்மொழி.’

அவர் கை டின்னைவிட்டுத் தானாக விலகியது.

“தாயே... இது சீர் டின்.”

“ஆமா.”

“ஒரு கல்யாண வீடு ஆத்தோட போயிருக்கு.”

“போயிருக்கும்.”

“அந்தப் பொண்ணு?”

உமையாள் அம்மை ஒரு அதிரசத்தை எடுத்துப் பிட்டு, பவுனுவின் வாயில் வைத்தாள். பவுனு மெல்லவும் செய்தாள், அழவும் செய்தாள். அம்மை இன்னொரு துண்டைப் பிட்டு ஊட்டினாள்.

சபாநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒரு பதில் சொல்லுங்க தாயே. நமக்குக் குடுக்கணும்னு ஆண்டவன் இன்னொருத்தர் வீட்டை உடைச்சாரா? இதுக்குப் பேரு அருளா?”

“தெரியாது” என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்தார். அவளிடம் வந்து சேர்ந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயில் அவர் கேட்டதே இல்லை.

“உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது ஐயா. இந்தப் பொண்ணுக்குப் பசிக்குது. அது தெரியும். இந்தாங்க, நீங்களும் சாப்பிடுங்க.”

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பசி வயிற்றை முறுக்கியது. கடைசியில் ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டார். கல்யாண முறுக்கு. பதமாக நொறுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் குழந்தையின் அழுகை நின்றது. இரண்டு பேரும் பதறித் திரும்பினார்கள். அது பால் குடித்துக்கொண்டிருந்தது. மடக் மடக்கென்று அது விழுங்குகிற சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது.

மறுநாளும் தண்ணீர் வடியவில்லை. அன்றும் டின்தான் சோறு போட்டது. பவுனுவுக்கு நிறைய, மற்ற இருவருக்கும் கொஞ்சம் என்று அம்மை பகிர்ந்தாள். மாலையில் டின்னின் அடி தெரிய ஆரம்பித்தது.

அம்மை முகம் கழுவப் படிக்குப் போனாள். பவுனு குழந்தையோடு கண் அயர்ந்திருந்தாள். சபாநாதன் சட்டென்று மூன்று நான்கு அதிரசத்தை எடுத்து, ஈரத் துண்டில் சுற்றி, மடியில் செருகிக்கொண்டார். கடை வைத்திருந்த காலத்தில்கூட அவர் ஒரு முழத் துணி ஏமாற்றியதில்லை.

நாளைக்கு என்ன உத்தரவாதம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

காலையில் டின் காலி. பவுனு அதன் உள்ளே கையை விட்டுத் துழாவி, விரலில் ஒட்டிய தூளை நக்கினாள். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மடியிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே அதிரசம் இல்லை. ஈரத்தில் ஊறி, உடம்புச் சூட்டில் வெந்து, கூழாகிக் கிடந்தது. புளிச்ச நாற்றம் அடித்தது. வரிசையாக எறும்பு.

ஒரு ஆறே சேர்ந்து நனைக்க முடியாத பண்டம் அது.

உமையாள் அம்மை வந்து பார்த்தாள். இப்போது ஏதாவது சொல்வாள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

சத்தம் எதுவும் வராததால் கண்ணைத் திறந்தார்.

அவள் அந்தத் துண்டை வாங்கி, எறும்பை ஊதிவிட்டு, கூழை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“தாயே! வேண்டாம்! கெட்டுப்போச்சு!”

“பசிக்குது ஐயா” என்றாள்.

அவர் படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வெயில் ஏறியபோது ஒரு படகு வந்தது. ஒரே ஒரு ஆள் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தான். ஐம்பது வயது இருக்கும். சட்டை இல்லை. இடுப்பில் பட்டு வேட்டி, முழங்கால்வரை சேறு. மண்டபத்தில் ஆள் இருப்பதைக் கண்டதும் குரல் கொடுத்தான்.

“எத்தனை பேரு? பிள்ளைங்க இருக்கா?”

“ஒரு கைக்குழந்தை” என்றாள் உமையாள் அம்மை.

படகைத் தூணில் கட்டிவிட்டுப் படியேறி வந்தவன், டின்னைப் பார்த்தான்.

அப்படியே நின்றான்.

மெல்ல நடந்துவந்து அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சிவப்பு எழுத்தை விரலால் தடவினான்.

“இது என் கையெழுத்து” என்றான். “எழுதி ஒரு வாரம் ஆகலை.”

சபாநாதன் எழுந்தார்.

“நீங்க...”

“உத்திராபதி. மேலக்கரை. பொண்ணு கல்யாணம் மூணு நாளைக்கு முன்னாடி. தாலி கட்டலை. அதுக்குள்ள கரை உடைஞ்சிடுச்சு.”

“பொண்ணு?” என்று சபாநாதன் கேட்டார்.

“பள்ளிக்கூடத்து மாடியில இருக்கு. எல்லாரும் ஏறிட்டோம். வீடு போச்சு. கொட்டில்ல மாடுங்க கட்டியிருந்தேன். முளைக்கயிறை அவிழ்க்க ஓடினேன்...” அவன் நிறுத்திக்கொண்டான். “முடியலை.”



உத்திராபதி டின்னுக்குள் எட்டிப் பார்த்தான். நிமிர்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

சபாநாதன் கைகூப்பினார். உள்ளங்கையில் முள் கிழித்த காயம் கன்றிப்போயிருந்தது.

“நாங்க தின்னுட்டோம் ஐயா. மன்னிக்கணும். உங்க பொண்ணோட சீர்னு தெரிஞ்சேதான் தின்னோம். பேரு எழுதியிருந்தது. படிச்சேன். படிச்சிட்டும் தின்னேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். பாதி இந்தப் பொண்ணு சாப்பிட்டுது. பால் நின்னுபோயிருந்தது. அப்புறம்தான் இறங்குச்சு.”

உத்திராபதி பவுனுவைப் பார்த்தான். அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தான். அதன் கடைவாயில் பால் வழிந்து காய்ந்திருந்தது.

சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். முதுகு குலுங்கியது.

அடிக்கப்போகிறான் என்று சபாநாதன் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்வதென்று அவன் முன்னால் மண்டியிட்டார்.

உத்திராபதி கையை எடுத்தான். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் சிரித்தது.

“என் பொஞ்சாதியும் அவ தங்கச்சிங்களும் ராப்பகலா சுட்டது” என்றான். “அத்தனையும் ஆத்துக்குப் போறதுக்கா சுட வெச்சேன்னு அந்த ஆளை வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டே வந்தேன்” என்று மேலே கையைக் காட்டினான். “கழி ஊன்றுற ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒரு வசவு. வாயில வராத சொல் இல்லை.”

சபாநாதன் மண்டியிட்டபடியே அவனைப் பார்த்தார்.

“அன்னைக்கு எங்க வீட்டு விசேஷத்துல ஒரு ஆளு இலையில உட்காரலை. பந்திப்பாய் விரிச்சது விரிச்சபடி போச்சு. யாருமே சாப்பிடலைன்னு நினைச்சேன். இங்க பந்தி நடந்திருக்கு.”

அவன் எழுந்தான். பட்டு வேட்டியின் சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டான். தலைமுடியைக் கையால் ஒதுக்கினான். பவுனுவையும் குழந்தையையும் பத்திரமாகப் படகில் ஏற்றி உட்காரவைத்தான். உமையாள் அம்மைக்குக் கை கொடுத்து இறக்கினான். சபாநாதனைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அழைத்துவந்து உட்காரவைத்தான்.

கழியைக் கையில் எடுத்தவன் தள்ளவில்லை. பெண்ணைப் பெற்றவன் பந்தி முடிவில் வந்து நிற்பதுபோல, கொஞ்சம் முன்னால் குனிந்து, சபாநாதனின் முன்னால் நின்றான்.

“பெரியவரே, வந்தவங்களைப் பக்கத்துல நின்னு கவனிக்க முடியாமப் போச்சு” என்றான். “ஏதாவது குறை இருந்தா மனசுல வெச்சுக்காம சொல்லிடுங்க.”

சபாநாதன் வாயைத் திறந்தார்.

படகு தூணில் இடித்து இடித்து ஆடியது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

“குறை இருக்கான்னு கேக்கிறார் இல்ல?” என்றாள் உமையாள் அம்மை. “சொல்லுங்க ஐயா.”